பூந்தோட்டத்துக் கிணற்றில் உப்பு

வேலை நேரத்தில் என் முகத்தைப் பார்க்கச் சகிக்காது என்று என் கணவர் சொல்வார். "எழவு வீட்டுக்குப் போறவங்ககூட கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இருப்பாங்க," என்பார். நான் சண்டைக்குப் போவேன். கருவியில் எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்க்கிற வேலை எனக்கு. பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க நான் என்ன பற்பசை விளம்பரத்திலா நடிக்கிறேன்? ஆனால் கடைசியில் ஒரு கிணறு அவர் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது.

நான் அரசாங்கத்தின் நிலத்தடி நீர் ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். ஆபீஸ் தீவில், ஜார்ஜ் டவுனில். கிணறுகளோ பெரும்பாலும் அக்கரையில். மாதம் ஒருமுறை காலையில் பெர்ரி பிடித்து பட்டர்வொர்த் போவேன். துறைமுகத்தில் எங்கள் ஓட்டுநர் ஆபீஸ் வண்டியோடு காத்திருப்பார். மலாய்க்காரர், வாய் ஓயாமல் பேசுகிறவர், நான் பதில் சொல்லாவிட்டாலும் கவலைப்படாதவர். கெப்பாலா பத்தாஸ் ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே கடலைப் பார்த்துப் போவோம். வழியில் கிணறு கிணறாக நிறுத்தி, நீண்ட கம்பியின் நுனியில் கருவியைக் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு என்று பார்ப்பேன். கடலோர மண்ணில் அளவுக்கு மீறி நீர் இறைத்தால், போன தண்ணீரின் இடத்துக்குக் கடல் வந்துவிடும். மண்ணுக்கு அடியிலேயே, சத்தம் போடாமல் வரும். அது வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அப்படிப் போகிற வழியில் ஒரு பூந்தோட்டம் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா அதை நடத்துகிறார். மல்லி, அரளி, செண்டுப்பூ, துளசி. விடிவதற்குள் பறித்து, ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் மாலை கட்டும் கடைகளுக்கு அனுப்பிவிடுவார். விமானம் ஏறி வரும் மல்லியைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "அது பூவா? ஐஸ்பெட்டில தூங்கிட்டு வந்தது! நம்மளது இன்னிக்குக் காலைல கண்ணு முழிச்சது," என்பார். கணவர் போன பிறகு இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது அந்தத் தோட்டம்தான். தோட்டத்துக்கு உயிர், பின்பக்கம் இருக்கும் குழாய்க் கிணறு.

கடல் பார்த்த பக்கம், சின்ன அம்மன் மேடைக்கு அருகில், சிமெண்டு வளையம் இறக்கிய பழைய கிணறு ஒன்றும் உண்டு. அதில் யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. எங்களுக்கு அது காவல்காரன். கடல் வந்தால் முதலில் அதைத் தொட்டுவிட்டுத்தான் குழாய்க் கிணற்றுக்குப் போக வேண்டும். பழைய கிணறு கரித்தால் பின்னால் ஓடும் பம்பை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் இறைக்க இறைக்க உப்பு இன்னும் உள்ளே வரும். பம்பு நின்றால் தோட்டம் இல்லை.

அந்தக் கிணறு கரிக்கத் தொடங்கியது.

முதல் மாதம் கருவிதான் கோளாறு என்று நினைத்தேன். அடுத்த மாதம் வேறு கருவி கொண்டுபோனேன், உப்பு இன்னும் ஏறியிருந்தது. அதுவும் மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உப்பு. கனமான கடல்நீர் நல்ல தண்ணீருக்கு அடியில் நுழைவது அப்படித்தான். பாடப்புத்தகத்தில் போடலாம் போல இருந்தது. 

"என்ன தங்கச்சி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்றார் அக்கா, கையில் தேநீரோடு.

"ஒன்னுமில்லக்கா."

உறுதியாகாத முடிவைத் தோட்டக்காரரிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. நல்ல விதிதான். யாரோ அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு ஒருவர் நிலத்தை விற்றுவிட்டால் யார் பொறுப்பு? ஆகவே மாதாமாதம் அவர் கேட்பார், நான் ஒன்றுமில்லை என்பேன், அவர் ஒரு முழம் மல்லியை என் தலையில் வைத்துவிடுவார். என் அறிக்கை தின்று தீர்க்கப்போகும் தோட்டத்தின் பூவை நானே சூடிக்கொண்டு பெர்ரியில் வருவேன். காற்றில் அது மணக்கும். எனக்கு அழுகையாக வரும்.

உப்பு ஏறிக்கொண்டே போனது. ஒரு கூட்டத்தில் எங்கள் மேலதிகாரி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "சோதனைக்கூட முடிவும் இதையே சொன்னால் பம்பை நிறுத்தப் பரிந்துரை எழுதிவிடுங்கள்," என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அன்று மாலை லிட்டில் இந்தியா வழியாக நடந்து வீட்டுக்குப் போனபோது பூக்கடைகள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

சோதனைக்கூட முடிவு வந்தது. பார்த்தேன், திரும்பப் பார்த்தேன். கடல் எங்கேயும் தனியாகப் போகாது. உப்போடு மக்னீசியம், சல்பேட் என்று சொந்தபந்தம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் வரும். இங்கே உப்பு மட்டும் வந்திருந்தது, கூட யாரும் இல்லை. அப்படியானால் இது கடல் இல்லை. பின்னே இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது?

மாதம் முடியும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே போய் நின்றேன். இந்த முறை கிணற்றின் அடிமட்டத்தையே தொடும்படி சாம்பிள் குழாயை இறக்கி, சேற்றோடு சேர்த்துத் தூக்கி, வெள்ளைத் தட்டில் கொட்டினேன். சேற்றுக்குள் கருப்பாக உருண்டை உருண்டையாக என்னமோ கிடந்தது. ஓட்டுநர் ஒன்றை எடுத்து நசுக்கி முகர்ந்தார்.

"லாடா ஹித்தாம், புவான்!" என்றார். மிளகு. ஊறி உப்பிய நல்ல மிளகு. "நாக் மாசாக் சூப் கே?" சூப் வைக்கப்போகிறீர்களா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. எந்தத் தமிழ் வீட்டில் வளர்ந்தவளுக்கும் புரியும். உடம்புக்கோ மனசுக்கோ ஏதாவது வந்தால், உப்பும் மிளகும் வாங்கி அம்மன் சன்னதியில் கொட்டுவோம், இல்லை குளத்தில் போடுவோம். உப்பு கரைவது போல கஷ்டமும் கரைந்துவிட வேண்டும். என் கல்லூரிக் காலத்தில் கழுத்தில் மரு வந்தபோது என் அம்மா எனக்காகப் போட்டார். இங்கே குளம் இல்லை. அம்மன் மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரே தண்ணீர், என் காவல்காரக் கிணறு.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை மாதத் தூக்கம் போயிற்று! சேற்றுத் தட்டை ஏந்திக்கொண்டே தோட்டத்துக்குள் போனேன். அக்கா செண்டுப்பூ பறித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தக் கெணத்துல உப்பு மொளகு போட்டது யாரு?"

"நான்தான் தங்கச்சி," என்றார், சாப்பிட்டாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல. "வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை ஒரு பாக்கெட் கல்லுப்பு. போன மாசத்துலேர்ந்து ரெண்டு பாக்கெட்."

"எதுக்குக்கா? தோட்டத்துக்கு என்ன வந்துச்சி?"

"தோட்டத்துக்கு என்ன? அது பாட்டுக்குப் பூக்குது." பூக்கூடையை இறக்கி வைத்தார். "உங்களுக்குத்தான் போட்டேன்."

தட்டை அந்தக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"முன்ன ஒருவாட்டி ஒடம்பு முடியலயோ என்னமோ, மூஞ்ச தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்க. பாவமா இருந்துச்சி, ஒரு பாக்கெட் போட்டேன். அடுத்த மாசம் பாத்தா இன்னும் மோசம். வீட்ல என்ன பிரச்சனையோ, புருஷன் கூட சண்டையோ, நமக்கு எப்படித் தெரியும்? மாசத்துக்கு மாசம் கூடிக்கிட்டே போகுது. போன மாசம் அழுதுருவீங்க போல இருந்திச்சி. அதான் ரெண்டாக்கிட்டேன்."

அவர் உப்பு போடப் போட என் கருவியில் எண் ஏறியிருக்கிறது. எண் ஏற ஏற என் முகம் தொங்கியிருக்கிறது. முகம் தொங்கத் தொங்க அவர் உப்பு போட்டிருக்கிறார். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் நாங்கள் இருவரும் சேர்ந்தே அந்தத் தோட்டத்துக்குப் பூட்டுப் போட்டிருப்போம். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. பிறகு பார்த்தால் கன்னமெல்லாம் ஈரம். ஓட்டுநர் வண்டியிலிருந்து ஓடிவந்து, நடந்தது என்ன என்று தெரியாமலேயே என்னோடு சேர்ந்து சிரித்தார்.

"அக்கா, நான் மூஞ்ச தொங்கப் போட்டது உங்க தோட்டத்துக்காகக்கா," என்று எல்லாவற்றையும் சொன்னேன். விதியாவது ஒன்றாவது. கிணற்று வளையத்தில் உட்கார்ந்து கடல், பம்பு, பரிந்துரை எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. 

"இவ்வளவு நடந்திருக்கு," என்றேன், தேற்றுவதாக நினைத்துக்கொண்டு. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா..."

"கேட்டேனே தங்கச்சி. மாசாமாசம் கேட்டேன். ஒன்னுமில்லக்கான்னீங்க."

 அவர் கேட்டதை நான் வழக்கமான விசாரிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

கிணற்றை இறைத்துக் காலி செய்தோம். ஊறி வந்த புதுத் தண்ணீர் சர்க்கரை போலிருந்தது. பரிந்துரையை எழுதவில்லை. மேலதிகாரி மிளகுக் கதையைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். கையோடு கிணற்றுக்குப் பூட்டு வைத்த மூடி போடச் சொன்னார். போட்டாயிற்று. அக்காவுக்கு அதில் வருத்தமில்லை, வேண்டுதல் பலித்துவிட்டது என்பது அவர் கட்சி. "பாத்தீங்களா, எப்படிக் கரைஞ்சிருச்சி!" என்று என் கணவரிடமே போனில் சொன்னார். 

இப்போது மாதாமாதம் மூடியைத் திறக்கும்போது அக்காவும் வந்து பக்கத்தில் நிற்கிறார். எண் நின்றதும், எழுதுவதற்கு முன்னால் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவர் எண்ணைக் காதில் போட்டுக்கொள்வதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார். "என்ன தங்கச்சி, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்டால், இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.