தழைப்பாறைக்கு மேலே அண்ணன், கீழே ஏலே

ஏலக்காய் உலர்த்தும் "ஸ்டோர்" புகையின் மணம் தலைமயிரில் ஏறிவிட்டால் எத்தனை குளித்தாலும் போகாது. சக்குபள்ளத்துக் காட்டில் காய் பறித்துவிட்டுக் கம்பத்துப் பக்கம் இறங்குகிற எங்கள் எல்லோர்மேலும், கங்காணி என்றும் கூலி என்றும் பாராமல், அது ஒன்றுபோலவே வீசும். மலையில் பேச்சும் அப்படித்தான். யானை நடமாடும் காட்டில் தனியே உண்ணவும் தனியே படுக்கவும் யாருக்குத் துணிச்சல் வரும்? ஊரில் எங்கள் தெருப்பக்கமே வராத கங்காணி, அங்கே என் அம்மாவின் சட்டியில் கஞ்சி வாங்கிக் குடிப்பார். தடம் அறிந்து முன்னே நடக்கும் அப்பாவை "மாயாண்டியண்ணே" என்பார். அப்பாவும் அவரைத் "தம்பி" என்பார்.

இறக்கத்தில் "தழைப்பாறை" வரும். மலையேறுகிறவர்கள் தழை ஒடித்துப் போட்டுக் கும்பிடும் இடம். அதைத் தாண்டினால் ஊர்க்கண்கள். அங்கே அண்ணன் "ஏலே மாயாண்டி" ஆகிவிடுவார். தம்பி "சாமி" ஆகிவிடுவார். அப்பாவின் தோள்துண்டு இடுப்புக்கு இறங்கும். யாரும் சொல்லித் தராமலே இது எனக்குப் பாடமாகியிருந்தது.

ஒரு பறிப்பு முடிவில் கங்காணிக்கு மலைக்காய்ச்சல் கண்டது. மற்றவர்கள் முன்னமே இறங்கிவிட்டதால் அப்பாவே அவரை முதுகில் சுமந்து வந்தார். மூட்டையோடு அம்மாவும் சட்டியோடு நானும் பின்னால். வழியெல்லாம் "அண்ணே, என்னைய விட்டுறாதீக" என்று அனத்திக்கொண்டே வந்தவர், பாறையைக் கண்டதும், "ஏலே, எறக்கி விடுடா. எவனாச்சும் பாத்தா என்னத்துக்காகும்? மொதல்ல துண்ட எடு" என்றார்.

அப்பா இறக்கிவிட்டார். துண்டை எடுக்கவில்லை.

"பாத்தீகளா, பாறையக் கண்டதுமே காச்ச ஓடிப்போச்சு" என்றாள் அம்மா.

"நடங்க சாமி" என்றார் அப்பா. "ஏலேன்னா நான் எட்டத்தான வரணும்? அண்ணன்னா தூக்குறேன். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"வேல வேணாமாலே ஒனக்கு?"

"வேணும்."

கங்காணி எழுந்து நடந்து பார்த்தார். கால் மடங்கி உட்கார்ந்தார். வாய்க்குள்ளேயே "அண்ணே" என்றார்.

"கேக்கல தம்பி."

"மாயாண்டியண்ணே!"

ஊரே பார்க்க, துண்டு தோளில் கிடக்க, அவரைச் சுமந்துபோய் அவர் வீட்டு வாசலில் இறக்கினார் அப்பா. கங்காணி பிழைத்துக்கொண்டார். அடுத்த பறிப்புக்கு எங்களை மட்டும் கூப்பிடவில்லை. அப்பா வேறு மலை தேடிப் போனார். போன இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துப் படித்தவன் நான்தான்.

இன்று மலைக்கு பஸ் ஏறுகிறது. நடைத்தடத்தைக் காடு மூடிவிட்டது. அது போயிற்றே என்று ஏங்குகிறவர்கள் ஏங்கட்டும். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. "ஒங்கப்பன் அன்னைக்குக் கொஞ்சம் வளஞ்சு குடுத்திருந்தா வேல போயிருக்காது" என்று இன்றும் எனக்குப் புத்தி சொல்கிறவர்கள் உண்டு. முதுகில் ஓர் ஆளைச் சுமந்து மலையிறங்கிய மனிதர், ஐயா, அதற்குமேலும் எவ்வளவு வளைவது?