பின்னறை இளவரசன்

தம்பியோடு கடைக்குப் போவதைவிட இரண்டு வாளித் துணி துவைக்கலாம் என்று பதினொரு வயதில் நான் உறுதியாக நம்பினேன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து காலி வீதிப் பேக்கரிக்கு ஐந்து நிமிட நடை. ஆறு வயதுத் தம்பியோடு போனால் முக்கால் மணி நேரம். அவனுக்கு அது பாண் வாங்கும் வேலை அல்ல, ஏழு கடல் தாண்டும் பயணம். வீதியோரச் சாக்கடைக் கானில் முதலை இருந்தது. மூலை வீட்டு நாய் சாபம் பெற்ற மந்திரி. கடற்கரைப் பக்கம் ரயில் கூவினால் பூதம் விழித்துவிட்டது என்று மதிலோடு ஒட்டிக்கொள்வான். நானும் ஒட்டவேண்டும். ஒழுங்கை முகப்பில் மண்மூட்டை அடுக்கி ஆமிக்காரர் காவல் நின்ற சென்ரி, அவன் கதையில் கோட்டை வாசல்.

இதற்கெல்லாம் காரணம் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. வெளிநாடு போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பின்னறையில் தங்கியிருந்தார். பொலிஸில் கொடுத்த வீட்டு ஆட்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆமிக்காரர் கண்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று யன்னல் பக்கமும் வரமாட்டார். பொழுது போகத் தம்பிக்குக் கதை சொல்லுவார். ஏன் வெளியில் வருவதில்லை என்று அவன் ஒருநாள் கேட்டதற்கு, "நான் ஒளிச்சிருக்கிற இளவரசன். ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றாராம். ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய விஷயமா இது?

அந்தச் சனிக்கிழமை, தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடங்கமுன் திரும்பவேண்டும் என்று அவனை இழுத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது சூடான பாணை அவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். இளவரசனுக்கு அதுதான் மருந்தாம்.

"அக்கா, கறுப்புக் கல்லில மிதிக்காதை. சிலையாப் போயிடுவாய்."

"வாயை மூடிக்கொண்டு கெதியா நட."

சென்ரியில் புதிதாக ஓர் ஆமிக்காரன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. தம்பி தத்தித் தத்தி வருவதைப் பார்த்துச் சிரித்து, "தம்பி, பாண் யாருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய சிங்களத்தில் தம்பி கணீரென்று சொன்னான்: "அபே கெதர குமாரயெக் ஹெங்கிலா இன்னவா." எங்கள் வீட்டில் ஓர் இளவரசன் ஒளிந்திருக்கிறான்.

ஆமிக்காரனின் சிரிப்பு நின்றுபோனது. என்னைப் பார்த்தான். குமாரயா என்பது எங்கள் பூனையின் பெயர் என்று தெரிந்த சிங்களத்தில் உளறினேன்.

"எங்களிட்டப் பூனை இல்லையே, அக்கா" என்றான் தம்பி. நல்ல காலம், தமிழில் சொன்னான்.

அவன் கையை நுள்ளினேன். அலறினான். பாண் கீழே விழுந்தது. ஆமிக்காரன் குனிந்து அதை எடுத்து, மண்ணைத் தட்டி என் கையில் தந்து, போகச் சொன்னான். நாங்கள் வீட்டுக்குள் நுழையும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அடி விழுந்தது எனக்கு. "மூத்த பிள்ளையெண்டு நீ என்னத்துக்கு இருக்கிறாய்?" அவனுக்கு ஒரு தட்டுக்கூட இல்லை. இதைவிட அநியாயம் உலகத்தில் உண்டா?

அரை மணி நேரத்தில் மாமா பையைக் கட்டினார். அப்பா அவரைச் சென்ரிப் பக்கம் போகாமல் ரயில் பாதையோரமாகக் கூட்டிக்கொண்டு போய், கொட்டாஞ்சேனையில் ஒரு சிநேகிதர் வீட்டில் விட்டுவந்தார். எங்கள் கதவை ஒருவரும் வந்து தட்டவில்லை. சில மாதங்களில் மாமா சுகமாக வெளிநாடு போய்ச் சேர்ந்தார்.

ஆனால் அன்று பின்னேரம் தம்பி பின்னறை வாசலில் நின்று, "மாமா எப்ப வருவார்?" என்று கேட்டான். எனக்குக் கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"உன்ட வாயாலதான் அவர் போனவர். இனி வரமாட்டார்."

அதற்குப் பிறகு நாங்கள் கடைக்குப் போனபோது, தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல், நிலத்தைப் பார்த்தபடி நேராக நடந்தான். ஒருவழியாகத் திருந்திவிட்டான் என்று எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.