பூட்டனின் பெருவிரல்

அப்பாவுக்குத் திங்கட்கிழமை காலையில் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை. அதற்கு முந்தைய நாள் பிற்பகல், நாங்கள் குடிபெயர்ந்து வந்திருந்த பக்குரங்காவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் எல்லோருமாக உட்கார்ந்து ஒருவர் சாவதைப் பார்த்தோம்.

செத்தவர் என் பூட்டன், அப்பாவின் அப்பப்பா. யாழ்ப்பாணத்துக் கொட்டகைகளில் மந்திரியாகவும் கிழவனாகவும் நடித்துவிட்டு, பேசும்படம் வந்த புதிதில் சென்னைக்குப் போனவர். கதாநாயகன் வேடம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. கதாநாயகியின் தகப்பனாக வந்து இடைவேளைக்கு முன் இறந்துபோவார். நன்றாக இறப்பார் என்பதால் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்களாம். அந்தப் படங்களில் ஒன்று இணையத்தில் அகப்பட்டதென்று, பக்கத்து ஊரான பிளாட் புஷ்ஷிலிருந்து மாமாவும் மாமியும் மடிக்கணினியோடு வந்திருந்தார்கள்.

அப்பாவின் அக்காவான மாமிக்குப் பொறுக்கவில்லை. “நாளைக்கு உனக்கு ஒப்பரேசன். இண்டைக்குச் சாவு பாக்கிறியோ?”

“அவர் ஆயிரந்தரம் செத்தவர் அக்கா. செத்துப்போட்டு ஒவ்வொரு நாளும் வீட்ட வந்து சோறு திண்டவர்.”

மாமா சிரித்தார். அம்மா தோடம்பழம் உரித்துக்கொண்டே இருந்தார்; யாரும் எடுக்கவில்லை.

படத்தில் கோடுகள் மழைபோல் ஓடின. பூட்டன் கட்டிலில் கிடந்தபடி மகளுக்கு நீளமாகப் புத்தி சொன்னார்.

“வலக்கையைப் பார்,” என்றார் அப்பா என்னிடம். “பெருவிரலை உள்ளுக்கை வைச்சுப் பொத்தியிருக்கிறார். பயம் வந்தால் அப்பிடித்தானாம். முகத்தில ஒண்டும் தெரியாது.”

என்ன பயம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“வசனம் மறந்துபோமெண்டுதான்.”

பூட்டனின் தலை சாய்ந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். அது ஏறி இறங்கியது. அன்று முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தள்ளுகட்டிலில் கிடந்த அப்பாவின் முகம், வேலைக்குப் போகும் நாளின் முகம்தான். “அக்கா, மீன்குழம்பு வை. பழசாப் போகமுந்தி வந்திடுவன்,” என்றார். “வாய்க்கு ஒப்பரேசன் செய்யச் சொல்லவேணும்,” என்றார் மாமி. அம்மாவும் புன்னகைத்தார்.

கட்டில் நகர்ந்தபோது போர்வை விலகியது. அப்பாவின் வலக்கை பொத்தியிருந்தது, பெருவிரலைக் காணவில்லை.

எனக்காகப் பூட்டனை நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்து உரக்கச் சிரித்தேன். என் பெருவிரலையும் மடக்கிப் பொத்தி, கையைத் தூக்கிக் காட்டினேன். அப்பாவும் சிரித்தார். கதவு மூடியது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். இவ்வளவு நல்ல பகிடிக்கு ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு அவர்மேல் கோபம்.

அப்பா மீன்குழம்புக்கு வந்துசேர மூன்று கிழமையானது. அதற்குள் வகுப்பில் எல்லோருக்கும் அந்தக் கையைச் செய்து காட்டிவிட்டேன். என் அப்பா பகிடி விடும்போது இப்படித்தான் பிடிப்பார் என்று சொல்லிக்கொடுத்தேன்.