வள்ளி அத்தையின் சாணிக்கூடை

நான்தான் போனேன். வள்ளி அத்தை அல்ல. வேலைநிறுத்தத்தின்போது அந்தச் சாணிக்கூடையோடு பண்ணை வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்தவள் நான்.

ஆறு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்… என்னை உங்களுக்குத் தெரியாது என்பதால்தானோ?

வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆட்சி மாறியிருந்தது, கூலி மாறவில்லை. கதிர் முற்றி நின்ற நேரம். கூலி நெல்லைக் கூட்டித் தரும்வரை பண்ணை வயலிலோ வீட்டிலோ யாரும் கால் வைக்கக் கூடாது என்று எங்கள் தெரு கட்டுப்பாடு போட்டது. நானும் கை தூக்கினேன்.

நான் தட்டச்சு படித்தவள். எதையும் வரிசை போட்டுத்தான் யோசிப்பேன். அன்றைய வரிசை இது: புகுமுக வகுப்பு ஆங்கிலப் பரீட்சைக்கு ஒன்பது நாள். இரண்டு முறை தோற்றாயிற்று. புத்தகம் இல்லை. அது பண்ணையார் மகள் கமலாவிடம் இருக்கிறது. பள்ளியில் என்னோடு படித்தவள்.

அந்த வரிசையில் வள்ளி அத்தை இல்லை.

அவள் எதிர்வீட்டுக்காரி. பண்ணைத் தொழுவத்தில் சாணி அள்ளுபவள். அவளும் வேலைக்குப் போகாமல் இருந்தாள். வறட்டி தட்ட வேண்டும் என்று பொய் சொல்லி, விளிம்பில் சிவப்புத் துணி சுற்றிய அவள் கூடையை வாங்கினேன். நோட்டை உள்ளே வைத்து, மேலே வைக்கோல் பரப்பி, முக்காடிட்டு வாய்க்கால் கரையோடு போனேன்.

கமலா தொழுவத்திலேயே பாடம் சொன்னாள்.

"பிட்வீன் யூ அண்ட் 'ஐ' இல்லடி, 'மீ'! இந்த மாட்டுக்குச் சொல்லியிருந்தா இந்நேரம் பாஸ் பண்ணியிருக்கும்."

ஷி, ஹெர்… ஹி, ஹிம்… எழுவாய்க்கு ஒன்று, செயப்படுபொருளுக்கு ஒன்று என்று அட்டவணை போட்டேன். பிறகு ரொமான்டிக் கவிதையின் இயல்புகள்: இயற்கை, கற்பனை, உணர்ச்சி, எளிய மனிதர்கள்மீது பரிவு. மனப்பாடம் செய்தேன்.

மூன்றாம் நாள் அந்தியில், கட்டுப்பாட்டுக்குக் காவல் நின்ற எங்கள் தெருக்காரர்கள் கூடையைப் பார்த்துவிட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

தெரு கூடியது. சங்கத் தலைவர் கேட்டார்:

"சிவப்புத் துணி சுத்துன கூடை உன்னுதுதானே வள்ளி?"

"என்னுதுதாங்க."

"பண்ணைச் சாணி அவ்வளவு மணக்குதாடி உனக்கு?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தை என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்: "தப்புதான்."

அவள் ஏன் சொல்லவில்லை? நான் ஏன் சொல்லவில்லை? பரீட்சைக்கு ஆறு நாள் இருந்தது… அவ்வளவுதான்!

அவளோடு யாரும் பேசக் கூடாது, அறுப்புக்கும் சேர்க்கக் கூடாது என்று முடிவாயிற்று. இரண்டு நாளில் பண்ணை இறங்கிவந்தது, கூலி கூடியது. ஊரே அரிவாளோடு வயலில் இறங்க, அவள் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கடந்துதான் பரீட்சைக்குப் போனேன். பேசவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை மட்டும் நான் மீறவே இல்லை.

எளிய மனிதர்கள்மீது பரிவு கேள்வியாக வந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன்!

அந்த மாதமே அவள் திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். புறப்படும் முன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லக் கேட்டாள்:

"நல்லா எழுதுனியா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"கூடைய நீயே வச்சுக்க."

தேறினேன். தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. திருக்காட்டுப்பள்ளி பஸ் வாசலிலேயே நிற்கும். அவளிடம் சொல்ல வேண்டியதை வரிசை போட்டு வைக்கிறேன். ஒன்று: நான்தான் போனேன் என்று தெருவில் சொல்லிவிட்டேன் அத்தை…

தெருவில் அதை இன்னும் சொல்லவில்லையே. இரண்டாவதற்கு எப்படிப் போவது? பஸ் புறப்பட்டுவிடுகிறது.