வலது பக்கம் சுடுதண்ணீர்

அந்த பிளம்பரை 'ரசமட்டம்' என்று சொன்னால்தான் நாலு தெருவுக்குத் தெரியும். மட்டம் பார்க்கிற அந்தக் கருவி பையில் இல்லாமல் மனிதர் வாசல் தாண்டமாட்டார். குழாய் மாட்டப் போன வீட்டில் படம் கோணலாகத் தொங்கினால் கேட்காமலே நேராக்கிவிடுவார். கல்யாண போட்டோவில்கூட அவர் தன்னைப் பார்க்கவில்லை, சுவரில் சாய்ந்திருந்த கடிகாரத்தைத்தான் முறைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர் மனைவியின் இருபது வருடப் புகார். போட்டோவைப் பார்த்தவர்கள் புகாரில் தப்பில்லை என்கிறார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை முடிந்ததும், குழாய்க் கைப்பிடிக்குப் பின்னால் சுவரை ஒட்டி வரும் மூடித்தகட்டின் உள்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஆணியால் ஒரு சின்னக் கோட்டையும் அந்த வருடத்தையும் கீறிவைப்பார். தற்பெருமைதான், வேறென்ன? நாள் முழுக்க முழங்கால் தேய உழைக்கிறவருக்கு அது கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு காலை, ஒரு தையல்காரர் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஷவரை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டியது. கீழே குளியல் தொட்டிக் குழாய் சளி பிடித்த மூக்காய் ஒழுகியது.

"தரையெல்லாம் ஈரமாவே இருக்குண்ணா. அப்பா வழுக்கி விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள் மகள்.

தையல்காரருக்கு மூன்று வருடமாகக் கண் அறவே தெரியாது. சட்டை எடுத்துக் கொடுப்பதிலிருந்து நகம் வெட்டுவது வரை எல்லாவற்றுக்கும் மகள்தான். குளியல் மட்டும் அவருடையது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால், அரைமணி நேரம் யாருக்கும் பாரமில்லாத மனிதராக இருந்துவிட்டு வருவார்.

ரசமட்டம் முதலில் தண்ணீரைத் திறந்து பார்த்தார். கைப்பிடியை வலது பக்கம் திருப்பினால் சுட்டது, இடது பக்கம் குளிர்ந்தது. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"எந்த மடையன் மாட்டினான் இதை? சுடுதண்ணி இடது பக்கம் வரணும்னுகூடத் தெரியாதவனெல்லாம் ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு வந்துடுறான்!"

வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையல்காரர் சிரித்தார். "யாரோ தொழிலுக்குப் புதுசு, தம்பி. அவன் புண்ணியத்துல எங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளி எல்லாரும் ஒரு தடவை அலறிட்டுத்தான் போவாங்க. மாப்பிள்ளைகூட அலறினாரு. எங்களுக்குப் பழகிப்போச்சு. அப்படியே விட்டுடுங்களேன்."

"தெரிஞ்சே தப்பா மாட்ட என் கை வராதுங்கய்யா."

மெயின் வால்வை மூடிவிட்டு வேலையை ஆரம்பித்தார். கைப்பிடி வந்தது, மூடித்தகடு வந்தது. தகட்டில் படிந்திருந்த உப்பைத் தேய்த்துக் கொண்டுவர மகள் அதை எடுத்துப் போனாள். வால்வுக்குள், சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் பிரித்துவிடும் உருளை அரைமணி நேரம் அடம்பிடித்தது. அதன் ரப்பர் வளையங்கள் நைந்து போயிருந்தன. புது உருளையை அரைவட்டம் திருப்பி வைத்தார். சுடுதண்ணீர் இடது பக்கம் வந்துவிட்டது. தொட்டிக் குழாயையும் மாற்றி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கைப்பிடியைப் பொருத்தி மெயின் வால்வைத் திறந்து, அடியில் உள்ளங்கையை வெகுநேரம் நீட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

"இனிமே இடது சுடும், வலது குளிரும். சரியாங்கய்யா?"

"புரிஞ்சுது தம்பி."

காதுக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை. குளியலறைக்குள் வந்து, எப்போதும் போல, குளிர்ந்த தண்ணீர் என்று நினைத்து இடது பக்கம் முழுக்கத் திருப்பி, மறு கையை அடியில் நீட்டினார் தையல்காரர். "ஆ!" என்று இழுத்துக்கொண்டார். புறங்கை சிவந்துவிட்டது. "இடது சுடும், இடது சுடும்" என்று பாடம் மாதிரி சொல்லிக்கொண்டே மறுபடி திறந்தார். வாய் சொன்னதைக் கை கேட்கவில்லை. மூன்றாவது தடவையும் அதேதான்.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"சரிம்மா, நாளையிலேருந்து நீயே குளிப்பாட்டி விட்டுடு."

சாதாரணமாகத்தான் சொன்னார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை நேராக ஒரு வேலையைச் செய்துவிட்டு இத்தனை கேவலமாக ரசமட்டம் என்றைக்கும் நின்றதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் மூடித்தகட்டை நீட்டினாள். "தேய்க்கும்போது பாத்தேன், உள்ள ஏதோ கீறியிருக்குண்ணா."

ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் ஒரு வருடம். அவர் தொழிலுக்கு வந்த முதல் வருடம். அன்றைக்கு ஒரே நாளில் ஏழு வீடு முடிக்கச் சொல்லி முதலாளி விரட்டியது நினைவுக்கு வந்தது. அதில் இது எத்தனையாவது வீடோ! மடையன் என்று தானே சொன்னது இப்போது காதில் கணீரென்று கேட்டது.

பேசாமல் தகட்டை மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மனிதர் ரசமட்டம் ஆயிற்றே, முடியவில்லை.

"ஐயா, அந்த மடையன் நான்தாங்க."

தையல்காரர் முகத்தை அவர் பக்கம் திருப்பினார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப நல்லதாப் போச்சு! பழையபடி தப்பா மாட்ட உங்களை விட்டா வேற யாரு இருக்கா?"

ரசமட்டம் மறுபடி மெயின் வால்வை மூடினார். உருளையை வெளியே இழுத்து அரைவட்டம் திருப்பி, தெரிந்தே, தன் கையாலேயே தப்பாக மாட்டினார். தகட்டின் உள்பக்கம், பழைய கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடும் இந்த வருடமும் கீறினார். அதற்கும் கீழே, நாளைக்கு வந்து திறக்கப்போகும் எந்த பிளம்பருக்கும் புரிகிற மாதிரி, 'தெரிந்தே மாட்டியது, மாற்றாதே' என்று எழுதி, தகட்டை மாட்டி மெயின் வால்வைத் திறந்துவிட்டார்.

தையல்காரர் துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. மகளும் பிளம்பரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார்கள். அலறல் எதுவும் வரவில்லை.

"ரெண்டு பேரும் அங்கேயேவா நிக்கிறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் அதட்டியது. "மனுஷன் குளிக்கிறேன். போய் வேலையைப் பாருங்க!"