நாலு மணி அத்தோ

கல்யாணமாகி ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு தட்டு அத்தோ நான் சாப்பிடவில்லை. சிரிக்காதீர்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் சென்னை பீச் ஸ்டேஷனுக்கு எதிரே தள்ளுவண்டியில் விற்கிற நூடுல்ஸ் அது. ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ தட்டை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே கொதிக்கக் கொதிக்க வாழைத்தண்டு சூப். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தப் பக்கம்தான். புகுந்த வீட்டில் அதன் பேரை எடுத்தாலே மாமியார், "அந்தப் புழுவையா?" என்பார்.

புழுவாம்! அவர் பிழிகிற இடியாப்பம் மட்டும் என்னவாம்?

குவார்ட்டர்ஸில் எல்லாம் ஃபேக்டரி சங்குக் கணக்குதான். சங்கு ஊதினால் ஆண்கள் போவார்கள், சாப்பாட்டுக்கு சைக்கிளில் வருவார்கள், மறுபடி போவார்கள். நடுவில் நாங்கள் சமைப்போம், துவைப்போம், பரிமாறுவோம். தனியாக ரேஷன் கடைக்குப் போனாலே எதிர் பிளாக்கில் மூன்று ஜன்னல் திறக்கும். எனக்கு மூச்சு முட்டியது.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை வழி பிறந்தது. மாமியார் பக்கத்து வீட்டுப் பெண்களோடு திருநின்றவூர் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பினார். வீட்டுக்காரருக்கு ஓவர்டைம்; சாப்பாட்டை கேரியரில் கட்டிக் கொடுத்தாயிற்று. "நீயும் வாட்டி" என்று மாமியார் கூப்பிட்டார். "இன்னைக்கு நான் தூரம், அத்தை" என்றேன். பச்சைப் பொய். அவர் சட்டென்று இரண்டடி தள்ளி நின்றார்.

"அப்ப பின்பக்கமா இரு. எதையும் தொடாத. அஞ்சு மணிக்கு வந்துருவேன்."

அடுத்த பீச் வண்டியில் நான் ஏறிவிட்டேன். அம்பத்தூர் தாண்டும்வரை முந்தானையை முகத்தருகே இழுத்துப் பிடித்தபடிதான் இருந்தேன்.

பதினொரு மணிக்குப் போய் நின்றால் தெருவில் ஒரு தள்ளுவண்டிகூட இல்லை. ஓரமாக உட்கார்ந்து கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாமா, இப்பவே வந்துகினு கீற? நாலு மணிக்குத்தான் வண்டி போடுவோம்."

தலையில் அடித்துக்கொண்டேன். சின்ன வயதில் அப்பா வேலை முடிந்து வந்து, சாயங்காலம்தானே கூட்டிக்கொண்டு போவார்? எங்கள் குவார்ட்டர்ஸில் காலைச் சங்கோடு கடைகள் எல்லாம் திறந்துவிடும். உலகமே அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். ஒரே வருஷத்தில் என் ஊர் எனக்கு மறந்துபோயிருந்தது.

ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டானது, அங்கே சங்கு ஊதியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு மணிக்கும் அதையே நினைத்தேன். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மூன்று மணி வண்டியைப் பிடித்தால் மாமியாருக்கு முன்னால் வீடு சேர்ந்துவிடலாம். வண்டி வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். வண்டி போனதும் மறுபடி பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு முதல் தட்டு எனக்குத்தான். "முட்டை போடட்டா?" என்றாள் அந்த அம்மாள். புரட்டாசி சனிக்கிழமை. "போடு" என்றேன். நின்றுகொண்டே வழித்துத் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் காரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவடியில் இறங்கி மேம்பாலப் படி ஏறினால், எதிர்ப்பக்கம் திருநின்றவூர் வண்டியிலிருந்து இறங்கி மாமியார் ஏறி வருகிறார். கையில் துளசி. பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும்.

"ஏட்டி, தூரமா இருக்கவ எங்க போயிட்டு வார?"

பூண்டு வாசனை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "அத்தோ சாப்பிட" என்றேன்.

மாமியார் கத்தவில்லை. "தூரம்னு சொன்னேல்லா? இரு" என்று மூன்று நாளும் என்னைப் பின்பக்க வராந்தாவிலேயே உட்கார வைத்தார். தட்டைத் தள்ளி வைத்துச் சோறு போட்டார். பொய்யென்று அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் கோபப்படவே இல்லை. அதுதான் வினை. "சொல்லியிருந்தா நானே வாங்கிட்டு வந்திருப்பேம்லா? இனிமே நீ அலைய வேண்டாம்" என்றார்.

அடுத்த மாதமே வாங்கி வந்தார். வரும் வழியில் ஆறிப்போய், பேஜோ நமுத்து, எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மாமியாரே தட்டு எடுத்து வைத்தார். "கொடுத்து வச்சவ" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஜன்னலோரம் உட்கார்ந்து விழுங்கினேன்.

எட்டு வருஷம், மாதம் தவறாமல் வாங்கி வந்தார். நல்ல மனுஷன். ஒரு தடவைகூட "வா, போகலாம்" என்று சொல்லவில்லை. வீடு தேடி வருவதை வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வது?