நிழல் எந்தப் பக்கம் விழும்

மனிதர்களுடைய மூளை வரவர மங்கிக்கொண்டு போகிறது என்று எங்கள் குடும்பக் குழுவுக்கு ஒரு கட்டுரை வந்தது. அனுப்பியவர் பெரியப்பா. அவர் தினமும் விடியற்காலையில் ஒரு பூப்படமும், அதன் பின்னால் ஏதாவது ஒரு பயமும் அனுப்புவார். அன்றைய பயம் எனக்கென்றே எழுதியதுபோல இருந்தது. காரணங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். போன், லன்ச் சீட் என்கிற பிளாஸ்டிக் தாளில் சுற்றிய சூடான சோறு, நித்திரைக் குறைவு, சீனி, காலை வெயில் படாமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது, எதையும் தானாக யோசிக்காமல் இன்னொன்றிடம் கேட்பது. அடுப்படியில் நின்றபடி கடைசிவரை வாசித்தேன். முதலில் என்ன இருந்தது என்று மறந்துபோனதால் திரும்பவும் மேலே போய் வாசித்தேன். அதற்குள் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் பானையைத் தேய்த்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. முந்தைய நாள் சனிக்கிழமை வகுப்பில் நடந்தது மனதைக் குடைந்துகொண்டிருந்தது.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து வெளியே வந்தபோது எனக்கு மூளை இருந்தது. அதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். பிறகு கல்யாணம், பிறகு மகள். மகளுக்கு இப்போது ஐந்து வயது. இடையில் அந்த மூளைக்கு என்ன நடந்தது என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் தேவை வரவில்லை. பட்டதாரிகளை ஆசிரியர்களாகச் சேர்க்கப் போட்டிப் பரீட்சை வரப்போகிறது என்றபோதுதான் தேவை வந்தது. ஒரு தாள் பொது அறிவு, மற்றது நுண்ணறிவு. பொது அறிவைப் பாடமாக்கலாம். நுண்ணறிவை எங்கே போய்ப் பாடமாக்குவது? இந்த முறை தவறினால் அடுத்த முறைக்குள் வயதெல்லை தாண்டிவிடும். பிறகு என் சான்றிதழ் அலுமாரிக்குள் இருந்தபடியே ஓய்வுபெற வேண்டியதுதான்.

அதனால் பக்கத்து ஊரில் ஒரு மண்டபத்தில் நடந்த வகுப்புக்குச் சேர்ந்தேன். என்னைப்போல வேலையில்லாத பட்டதாரிகள் நிறையப்பேர் வந்தார்கள். படிப்பித்த சேர் நல்ல மனிதர். கொழும்பில் பெயர்பெற்ற ஒரு வகுப்பிலிருந்து எடுத்த மாதிரித் தாள் என்று சொல்லி, அந்தச் சனிக்கிழமை எல்லாருக்கும் ஒரு போட்டோக்கொப்பி தந்தார். அதில் ஒரு கேள்வி: ‘காலை வேளையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒருவரின் நிழல் எந்தப் பக்கம் விழும்?’ முன்னால், பின்னால், வலப்பக்கம், இடப்பக்கம் என்று நான்கு விடைகள்.

நான் யோசிக்கவே இல்லை. பின்னால் என்று போட்டேன். யோசிக்காமல் போட்டதாலேயே சந்தேகம் வந்தது. அழித்தேன். பிறகு திரும்பவும் பின்னால் என்றே போட்டேன்.

சேர் விடைத்தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டு வந்தார். அந்தக் கேள்வி வந்ததும், “முன்னால்,” என்றார்.

எல்லாரும் தங்கள் தாளைத் திரும்பப் பார்த்தோம்.

“முன்னால் எண்டு போட்ட ஆக்கள் கையத் தூக்குங்க.”

ஒரு கையும் எழும்பவில்லை. சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார். “அடிப்படைக் கேள்வி இது. சின்னப் பிள்ளையள் செய்யிற கேள்வி. முதல்ல உந்தப் போன்களக் கீழ வைங்க. மூளை வேல செய்யும்.”

எல்லாரும் போனைக் கீழே வைத்தோம். முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு தம்பிக்குத்தான் முதலில் விளக்கம் பிடிபட்டது. “சேர், நிழல் பின்னால விழுந்தா அந்த ஆளுக்குத் தெரியாதே. முன்னால விழுந்தாத்தானே நிழல் எண்டே அவருக்கு விளங்கும். அதுதான் போல.”

“ம்… அப்பிடியும் எடுக்கலாம்,” என்றார் சேர்.

நாங்கள் எல்லாரும் அந்த விளக்கத்தை ஒழுங்காக எழுதிக்கொண்டோம். நான் அடியில் கோடும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் வளவும் வீடும் பெண்பிள்ளைகளுக்குத்தான் என்பதால் அக்காவின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான் இருக்கிறது. எந்த அவமானமும் ஆறுவதற்கு முன்பே அங்கே போய்விடும்.

“சின்னப் பிள்ளையள் செய்யிற கேள்வியாமே,” என்றாள் அக்கா, கீரை ஆய்ந்துகொண்டே. “நான் அப்பவே நினைச்சன். புள்ளைக்குப் பால் குடுக்கேக்க மூளையையும் சேத்துக் குடுத்திட்டாய்போல.”

“விளையாடாதக்கா. எனக்குப் பயமாக் கிடக்கு.”

“என்னத்துக்குப் பயம்? மூளை வேற எங்கயும் போகல்ல. வீட்டுக்குள்ளதான ஓடித் திரியிது.” மகள் அப்போது முருங்கைக்குக் கீழே ஒரு கோழியிடம் ஏதோ கோள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள்தான் பெரியப்பாவின் கட்டுரை வந்தது. காரணங்கள் எல்லாம் என் வீட்டிலேயே இருந்தன. ஒவ்வொன்றாக வெளியேற்றத் தொடங்கினேன். லன்ச் சீட்டை நிறுத்தினேன். ஊருக்குப் பின்னால் கிடக்கும் வாவிக்கு அப்பால், வெல்லாவெளியில் உள்ள அலுவலகத்துக்குப் போகும் என் கணவர், பாலம் தாண்டி வாழையிலைப் பார்சலோடு போனார். சீனியைக் குறைத்தேன். நேரத்துக்குப் படுத்தேன். போனை அரிசி வாளிக்குள் வைத்து மூடினேன். காலையிலும் மத்தியானமும் வல்லாரைச் சம்பல். வல்லாரை ஞாபகசக்திக்கு நல்லது என்பதில் எங்கள் ஊரில் எந்தச் சமயத்தவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இரவுக்கு வாவி மீனில் தலைகள் மட்டும்.

கணவர் சில நாள் வைத்ததைச் சாப்பிட்டார். பிறகு சொன்னார், “இஞ்ச, உன்ட வல்லாரை வேல செய்யிது.”

“உண்மையாவா?”

“ஓம். ஒண்டாம் வகுப்பில எனக்கு அடிச்ச டீச்சர்ர மூக்குத்தி என்ன கல்லெண்டு நேத்து ஞாபகம் வந்தது. இதுக்கு மேல போனா எனக்கே பயமாக் கிடக்கு.”

“மீன்ட உடம்பெல்லாம் எங்க?” என்று கேட்டாள் மகள், சட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி. உடம்பெல்லாம் அக்கா வீட்டில். அவள் தன் மூளையில் திருப்தியுள்ளவள்.

இப்படி நான் மும்முரமாக இருந்தாலும் உள்ளே ஒன்று குறைந்துகொண்டே வந்தது. பயிற்சித் தாளை எடுத்தால் முதலில் வரும் விடை பிழையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அதை அழித்துவிட்டு அடுத்ததைப் போட்டேன். பின்பக்கத்தில் விடையைப் பார்த்தால், அழித்ததுதான் சரி. ஆகவே அழிக்காமல் விட்டுப் பார்த்தேன். அப்போது அது பிழையானது. பரீட்சைக்குப் போகாமலே விட்டுவிடலாமா என்று நினைக்கத் தொடங்கினேன். போய்த் தோற்றால் எனக்கு மூளையில்லை என்பது உறுதியாகிவிடும். போகாவிட்டால் அது சந்தேகமாக மட்டும் இருக்கும். சந்தேகத்தோடு வாழ எனக்கு நல்ல பழக்கம்.

கட்டுரையின் காரணங்களில் மிஞ்சியிருந்தது காலை வெயில். அதையும் விடுவானேன் என்று ஒரு விடியலில் மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். களுதாவளைக் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். இருந்தும் காலையில் போய் எவ்வளவோ காலமாகியிருந்தது. தோணிகள் மணலில் சாய்ந்து கிடந்தன. சூரியன் கடலிலிருந்து கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. வெயில் முகத்தில் படவேண்டும் என்று எழுதியிருந்ததால், நான் கடலைப் பார்த்து நின்று கண்ணை மூடிக்கொண்டேன். மூளைக்குள் ஏதாவது நடக்கிறதா என்று கவனித்தேன்.

முதுகுப்பக்கம் மகள் குதிக்கிற சத்தம் கேட்டது.

“அம்மா, அசையாதீங்க. உங்கட தலைய மிதிக்கப்போறன்.”

“என்ன தலை?”

“உங்கட தலை. இஞ்ச பின்னால கிடக்கு.”

திரும்பிப் பார்த்தேன். என் நிழல் கரைப்பக்கமாக நீண்டு கிடந்தது. அதன் தலையில் மகள் இரண்டு காலையும் சேர்த்து நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் வந்த எண்ணத்தைச் சொல்ல வெட்கம்தான். விடை முன்னால் அல்லவா, இது ஏன் பின்னால் விழுகிறது என்றுதான் நினைத்தேன். ஒருவேளை நான்தான் சரியாக நிற்கவில்லையோ என்று மறுபடி கடலைப் பார்த்து நேராக நின்றேன். நிழல் அசையவில்லை. மகள் அதன் மூக்குக்கு வந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் கேள்வியைப் போட்டவரின் கடல் கொழும்புக் கடல். அங்கே சூரியன் கடலுக்குள் இறங்கும். காலையில் அது ஊருக்குப் பின்னாலிருந்து வரும். அவர் கடலைப் பார்த்தால் நிழல் முன்னால் விழத்தான் செய்யும். அவர் பார்த்ததை அவர் எழுதியிருக்கிறார். பிழை எங்களுடையது. இந்த மண்ணில் கரைகளுக்குப் பெயர் வைத்ததே சூரியனை வைத்துத்தான். கடல் பக்கம் எழுவான்கரை, வாவிக்கு அப்பால் படுவான்கரை. அந்த இரண்டு கரைகளிலிருந்தும் பஸ் ஏறி வந்து ஒரு மண்டபத்தில் இருந்துகொண்டு, பிறந்த நாளிலிருந்து கண்ட சூரியனைவிட ஒரு போட்டோக்கொப்பியை நம்பி, அதற்கு விளக்கமும் எழுதிக் கோடும் போட்டிருக்கிறோம்.

ஆனாலும் ஒரு நாளை வைத்து முடிவெடுக்கலாமா? வீட்டுக்கு வந்து அரிசி வாளிக்குள்ளிருந்து போனை எடுத்துக் கணவரை அழைத்தேன்.

“இஞ்சேருங்க, எங்கட ஊரில சூரியன் எங்கால உதிக்கிற?”

“உனக்கு ஒண்டுமில்லையே?”

“சொல்லுங்க.”

“கடலுக்குள்ளால.”

“எப்பவுமா?”

“நான் உங்கட ஊருக்கு மாப்பிள்ளையா வந்த நாளில இருந்து அப்பிடித்தான். அதுக்கு முதல் எப்பிடியெண்டு உங்கட அம்மாட்டத்தான் கேக்கணும்.”

மறுநாளும் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். அதற்கு மறுநாளும். மகளுக்குத் தலை மிதிக்கிற விளையாட்டு பிடித்துப்போனதால் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை.

சனிக்கிழமை வகுப்பில் எழும்பி நின்றேன். “சேர், போன கிழமை நிழல் கேள்வி. நான் கடற்கரையில போய் நிண்டு பாத்தன். பின்னாலதான் விழுது.”

சேர் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தார். அவருடைய முகத்தில் சூரியன் மெல்ல இடம் மாறுவது தெரிந்தது. “அட,” என்றார். “இது அந்தக் கரையில போட்ட கேள்வி.”

முன் வாங்குத் தம்பி திரும்பி என்னைப் பார்த்தார். “அக்கா, அப்ப என்ட விளக்கம்?”

“நல்ல விளக்கம் தம்பி. நான் கோடும் போட்டு வச்சிரிக்கன்.”

மண்டபம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். “சேர், இப்ப நாங்க சரியா, பிழையா?”

“இஞ்ச சரி. அங்க பிழை.”

“பரீட்சை எங்க எழுதுற?”

“இஞ்சதான்.”

“திருத்துற எங்க?”

சேர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். “அடுத்த கேள்வியப் பாப்பம்,” என்றார். ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு விடை வாசிக்கும்போதும் நிமிர்ந்து எங்கள் முகத்தையும் பார்த்தார். எங்களுக்கும் பழக்கமில்லாத ஒரு தைரியம் வந்து, விடைத்தாளோடு இரண்டு இடத்தில் சண்டை பிடித்தோம். இரண்டிலும் விடைத்தாள்தான் சரி. அது பரவாயில்லை. ஏன் சரி என்று இந்த முறை கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

பரீட்சைக்குப் போனேன். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். நுண்ணறிவுத் தாளில் கடலும் வரவில்லை, நிழலும் வரவில்லை. ஆனால் வடக்கு நோக்கி நடந்து வலப்பக்கம் திரும்புகிற ஒரு மனிதர் வந்தார். அவரை எங்கள் ஊர்ப் பெருந்தெருவில் இறக்கி, திரும்பிய பக்கம் கடல் வந்ததும் கிழக்கு என்று போட்டேன். முதலில் வந்த விடைகளை அழிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஒன்றை அழித்தேன். பிறகு அதையே திரும்ப எழுதினேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா முருங்கையடியில் நின்றாள். “எப்பிடிப் பரீட்சை?”

“தெரியா. எல்லாம் சரிபோலவும் கிடக்கு, பிழைபோலவும் கிடக்கு.”

“அப்ப மூளை வேல செய்யிது,” என்றாள்.

சாப்பிட உட்கார்ந்த கணவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “பரீட்சைதான் முடிஞ்சிதே. வல்லாரைய நிப்பாட்டலாமே?”

நான் யோசித்துப் பார்த்தேன். வல்லாரையால்தான் எழுதினேன் என்று சொல்ல முடியாது. வல்லாரையால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

“பெறுபேறு வரட்டும்,” என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.